நாடாவ எடு

இது நடந்தது. எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

பேய் என்றால் நடுநிசியில்தான் வரும், நாய் ஊளையிடும், மல்லிகைப்பூ மணக்கும் என்று எழுதி எழுதி உங்களைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்தது அக்னி நட்சத்திர வெயிலில். எதிர் வீட்டு மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். நம்ப விருப்பமில்லாதவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு வேறு ஏதாவது படிக்கலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என் பெயர் திருஞானசம்பந்தம். காஞ்சிபுரம் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். வெற்றிலை பாக்கு கூடப் போடாதவன். எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் கிட்டார். வாசிக்கத் தெரியாது, கேட்பேன். ஞாயிற்றுக்கிழமையானால் மெட்ராஸ் மூர் மார்க்கெட் நடைபாதையில் குந்திக்கொண்டு, வெள்ளைக்காரப் பையன்களின் ராக் இசைத்தட்டுகளைத் தேடுவேன். தகர டப்பாவைக் கல்லில் தேய்க்கிற மாதிரி இருக்கிறது என்பாள் என் மனைவி கிருஷ்ணவேணி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரே அப்படித்தான் சொன்னது.

அந்த ஊரில்தான் தேவசகாயம் பிறந்து தொலைத்தான்.

சகாயம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். நாள் முழுக்கப் பட்டு நூலைக் கொதிக்கிற சாயத்தில் முக்கி முக்கி எடுப்பான். பத்து விரலும் எப்போதும் அரக்குச் சிவப்பாக இருக்கும். மாலையில் அதே விரல்களால் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பான். அரக்கோணம் ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஆஸ்திரேலியா போகும்போது விட்டுப்போன கிட்டார் அது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாதா கோயில் ஆர்மோனியத்தைக் கேட்டுக் கேட்டுத் தானாகப் பிடித்துக்கொண்டது.

உள்ளூர் இன்னிசைக் குழு ஒன்றில் சினிமாப் பாட்டுக்குப் பக்கவாத்தியமாக உட்கார்ந்திருப்பான். பாடகர் சோடா குடிக்க இறங்கும்போது மட்டும், இடைவேளையை ஒப்பேற்ற, இவனுக்கு ஓர் உருப்படி தருவார்கள். இவன் எழுந்து நின்றதும் கூட்டமும் எழுந்துவிடும். டீ குடிக்க ஒரு பாதி, சுவரோரம் ஒதுங்க ஒரு பாதி. மிச்சம் இருப்பவர்கள், "போதும், எறங்குபா" என்பார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே நான் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவன் ஒரு ஸ்வரத்தை நேராகப் போய்த் தொடமாட்டான். கீழேயிருந்து தந்தியை இழுத்துக்கொண்டே ஏறுவான், நாயனக்காரர் ஏறுகிற மாதிரி. அவனுடைய ஸ்பீக்கரில் காகிதம் கிழிந்திருந்தது. வேறொருவன் என்றால் ஒட்டியிருப்பான். இவன் அந்தக் கிழிசலையே வாசிப்பான். தந்தி உறுமும். தப்பான இடத்தில் விரல் விழுந்தால் மறைக்கமாட்டான். அதே தப்பை வேண்டுமென்றே திரும்ப வாசிப்பான், இன்னொரு முறை வாசிப்பான். நாலாவது முறை அதுதான் சரி என்று நமக்குத் தோன்றிவிடும். மூர் மார்க்கெட்டில் நான் வாங்கிய எந்தத் தட்டிலும் இந்தத் துணிச்சல் இல்லை. இதைச் சொன்னால் ஆபீசில் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரமாக வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டூடியோவில் எடுத்த இசைத்தட்டு, பெண் பார்க்க வரும்போது பவுடர் பூசி உட்கார வைத்த மாதிரி. கச்சேரியில் அப்படியே பிடித்த பதிவில்தான் மனிதன் உள்ளபடி இருப்பான். கடலைக்காரன் கத்துவான், குழந்தை அழும், மைக் கீச்சிடும். அத்தனைக்கும் நடுவே அவன் வாசிப்பான். சகாயத்தை அப்படித்தான் பிடித்து வைக்க வேண்டும் என்று எனக்கு வெறி. அதற்கு ஆள் முனிசாமி.

முனிசாமி ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்தார். கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் விழா எல்லாவற்றுக்கும் அவர்தான். ஒரு பழைய டேப் ரிக்கார்டரும் வைத்திருந்தார். பெரிய சக்கரம் இரண்டு சுற்றுமே, அந்த வகை. மேடையில் தமிழ் கேட்டுக் கேட்டு அவருக்குத் தமிழ் தலைக்கேறியிருந்தது. டேப் என்று சொன்னால் கோபம் வரும்.

"டேப்பு கீப்புன்னு சொல்லாதபா. ஒலிநாடா. நாடான்னு சொல்லு. நாக்கு தேஞ்சிடாது."

இதனால் கடையில் தினமும் கூத்துதான். பக்கத்துத் தறிக்காரர்களுக்கு நாடா என்றால் தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டை. பெண்களுக்குப் பாவாடை நாடா. முனிசாமிக்கு ஒலிநாடா. சகாயத்துக்கு வேறொன்று. அவன் கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டையைத்தான் நாடா என்பான். அவனுடைய அக்கா மரியம்மாள் தைத்துக் கொடுத்தது அது. அவள் ஒரு தறிக்காரர் வீட்டில் நூல் சுற்றும் வேலை செய்தாள். கழித்துப் போட்ட சேலைக் கரை ஒன்றைக் கேட்டு வாங்கி, இரட்டையாக மடித்து, தம்பி கழுத்துக்கு அளவெடுத்துத் தைத்தாள். அசல் பட்டு. அசல் சரிகை. மயில் கண் போட்ட கரை. மேடை வெளிச்சத்தில் மின்னும்.

அசல் சரிகை என்றால் வெள்ளிக் கம்பி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம். எங்கள் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவில் கச்சேரி. நான் ஆபீஸ் வேலையாக வேலூரில் மாட்டிக்கொண்டேன். "எனக்காக முழுசும் பிடிச்சி வையுங்க" என்று முனிசாமியிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது சகாயத்தைப் புதைத்துவிட்டிருந்தார்கள்.

இடைவேளையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது தூறல் போட்டிருக்கிறது. கிட்டாரில் கரண்ட் இறங்கிவிட்டது. கை தந்தியோடு ஒட்டிக்கொண்டது. எர்த் சரியில்லை என்றார்கள், ஈரம் என்றார்கள், விதி என்றார்கள். ஒன்றை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு நானே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் துடித்ததைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியிருக்கிறது. வெள்ளைக்காரன் மாதிரி ஆடி வாசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்களாம். டீக்கடையிலிருந்து ஓடிவந்து கைதட்டியிருக்கிறார்கள். அவன் வாழ்க்கையில் வாங்கிய முதல் கைதட்டல் அதுதான்.

முனிசாமி பதிவு செய்திருந்தார். ஆனால் தரமாட்டேன் என்றார். எத்தனையோ தடவை கேட்டேன். "இல்ல" என்பதோடு சரி. மனிதர் இளைத்துக்கொண்டே வந்தார். கடையைப் பாதி நாள் பூட்டி வைத்தார். சகாயம் வாசித்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தச் சக்கரம். அது இல்லாவிட்டால் அப்படி ஒருவன் இருந்தான் என்பதே இல்லை. எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று.

அடுத்த வருஷம் மே மாதம் ஒரு வழி பிறந்தது. மெட்ராசில் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றில் ஒலிப்பதிவு செய்யும் குமாரசாமி என்பவரைப் பிடித்தேன். "வியாழக்கிழமை கொண்டாங்க. கேக்கறேன். நல்லா இருந்தா தட்டாவே போட்டுடலாம்" என்றார். ஓடிப்போய் முனிசாமியிடம் சொன்னேன். இந்தத் தடவையும் மறுத்தால் காலில் விழுவது என்று முடிவோடு போனேன்.

அவர் உள்ளே போனார். சக்கரத்தையும் மிஷினையும் சேர்த்தே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்கினு போ."

"இவ்ளோ நாளு இல்லன்னீங்களே?"

"இப்ப தரேன்ல? எடுத்துக்கினு போ." பிறகு தணிந்த குரலில் சொன்னார். "கடைசில அவன் குரல் வரும். 'நாடாவ எடு'ன்னுவான். அத்தோட நிறுத்திடுபா."

"அதுக்கு மேல இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இருக்கக் கூடாது. அவன் நாடாவ எடுன்னான். நான் மிஷின்லேர்ந்து நாடாவ எடுத்துட்டேன். கையில புடிச்சிக்கினு நின்னேன். எடுத்தப்பறம் எப்டிபா பதிவாகும்?"

"அப்பறம் ஏன் நிறுத்தச் சொல்றீங்க?"

முனிசாமி உள்ளே திரும்பினார். கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை லீவு போட்டேன். கிருஷ்ணவேணி கூரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வெயிலுக்கு ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறியைப் போட்டேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. டக்... டக்... டக். அது எங்கள் தெருவில் எப்போதும் இருக்கும் சத்தம். மிஷினை மேஜைமேல் வைத்துச் சக்கரத்தை மாட்டினேன். தொண்டை கரகரத்தது. இரண்டு முறை இருமினேன். வெளியே ஐஸ்காரன் மணி. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு.

விசையைத் தட்டினேன்.

முதலில் சினிமாப் பாட்டுகள். ஓட்டினேன். இடைவேளை வந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம். "கல்லே... வறுகல்லே" என்று கடலைக்காரன். சகாயம் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்தான். "சீக்கிரம் முடிபா" என்று யாரோ ஒரு புண்ணியவான். மைக்கின் மேல் தூறல் விழுந்தது. பட்... பட்.

பிறகு அவன் ஆரம்பித்தான்.

அதை எப்படிச் சொல்வது. மழை மைக்கில் விழும் தாளத்தையே எடுத்துக்கொண்டு ஆரம்பித்தான். நாற்காலிக் கிரீச், குழந்தை அழுகை எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொண்டு ஏறினான். கிழிந்த ஸ்பீக்கர் உறுமியது. ஒரு தப்பு விழுந்தது. அதையே பிடித்தான். திரும்ப... திரும்ப. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவனைப் போய் இறங்கச் சொன்னார்களே, பாவிகள்.

அப்போது அந்த ஸ்வரம் வந்தது.

ங்ங்ங்... என்று ஒரே ஸ்வரம். தடித்து, பிளந்து, அதற்குள்ளேயே இன்னொன்று அலறுகிற மாதிரி. எந்தக் கிட்டாரிலும் நான் கேட்காதது. இது கரண்ட் என்று மூளைக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை. மயிர்க்கூச்செறிந்தது. இன்னும் கொஞ்சம் நீளாதா என்றிருந்தது.

கைதட்டல் கேட்டது. ஓடிவரும் கால்கள். விசில். "ஒன்ஸ் மோர்" என்று ஒரு கூட்டமே கத்தியது.

அதற்குள்ளிருந்து அவன் குரல்.

"நாடாவ... எடு... நாடாவ எடு..."

டக்கென்று எல்லாம் நின்றது.

முனிசாமி சக்கரத்தை எடுத்த இடம். வெறும் இரைச்சல் மட்டும் ஓடிற்று. என் கை விசைக்குப் போனது. ஆனால் இடது சக்கரத்தில் இன்னும் ஒரு விரல் தடிமனுக்கு நாடா பாக்கி இருந்தது. பாக்கி இருக்கும்போது நிறுத்துகிறவன் கேட்கப் பிறந்தவனே அல்ல. கையை எடுத்துக்கொண்டேன்.

இரைச்சல்...

இரைச்சலுக்குள் மறுபடியும் கைதட்டல் கேட்டது. தூரத்தில். ஆனால் ஒழுங்காக. எல்லாரும் ஒன்றாகத் தட்டுகிற மாதிரி. டக்... டக்... டக்.

கைதட்டல் இல்லை. தறி.

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் குறுக்கே விழுகிறது என்று நினைத்தேன். எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தேன். அங்கே சத்தமே இல்லை. அவர்கள் சாப்பிட எழுந்துவிட்டிருந்தார்கள். தறி ஸ்பீக்கருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து நின்றேன்.

ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள். இரண்டு முறை.

என் இருமல்.

பிறகு ஐஸ்காரன் மணி. பன்னிரண்டு மணிக்கு இந்த அறையில் நான் செய்தது அத்தனையும் வந்தது. விசையைத் தட்டும் 'டிக்' வரைக்கும். போன வருஷத்து ஆடி மாதத்தில் பதிவான நாடாவில்.

அதில் என் மூச்சு கேட்டது.

இன்னொரு மூச்சும் கேட்டது.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஏன் இப்படி வியர்க்கிறது என்று மேலே பார்த்தேன். மின்விசிறி நின்றிருந்தது. கரண்ட் போயிருந்தது. அந்த வருஷம் பகலில் அடிக்கடி போகும். எப்போது போனது என்று தெரியாது.

சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

மிஷினில் ஒரு பச்சைக் கண் உண்டு. பதிவு செய்யும்போது மட்டும் திறந்து மூடும் விளக்கு. கேட்கும்போது அது எரியாது. அது திறந்திருந்தது. நான் மூச்சு விட்டால் விரிந்தது.

நான் மூச்சை அடக்கினேன்.

அப்போதும் விரிந்தது.

"சார்..."

சகாயம் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

"சார்... நாடா..."

முடி கருகுகிற நாற்றம். எங்கள் ஊரில் பட்டு அசலா என்று பார்க்க ஓர் இழையைக் கொளுத்திப் பார்ப்பார்கள். அசல் பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் வரும். அதே நாற்றம்.

"கழுத்துல... சார்."

கழுத்தில்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. முனிசாமியின் நாடா இல்லை. மரியம்மாள் தைத்த நாடா. கழுத்தில் மாட்டியிருந்த சரிகை நாடா. அதைக் கழற்றினால் கிட்டார் கீழே விழுந்திருக்கும். அவன் பிழைத்திருப்பான். அவன் கெஞ்சியதைக் கேட்டு முனிசாமி பத்திரமாக ஒலிநாடாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கூட்டம் கைதட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

"எடு... சார்."

அந்தக் குரல் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். திரும்ப வேண்டும். கழுத்தில் இருப்பதைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

பின்கழுத்தில் சூடு பட்டது.

"எடு..."

என் கை நீண்டது.

மிஷினிலிருந்து சக்கரத்தைப் பிடுங்கி எடுத்தது.

சத்தம் நின்றது.

பின்னால் கனமாக ஏதோ விழுந்தது. நான் திரும்புவதற்குள் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. அறையில் யாரும் இல்லை. மணி பன்னிரண்டு ஐம்பது. ஜன்னலைத் திறந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. எதிர் மாடியில் ஒரு பெண்மணி காக்காய் விரட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மெட்ராசுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உச்சி வேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்ததால் வந்த மயக்கம் என்றேன். ஒரு மயக்கத்துக்காகச் சகாயத்தை மண்ணோடு மண்ணாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

குமாரசாமி சக்கரத்தைத் தன் மிஷினில் போட்டார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சகாயம் வாசித்தான். ஸ்வரம் வந்தது. கைதட்டல் வந்தது. 'நாடாவ எடு' வந்தது. டக்கென்று நின்றது. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் வெறும் இரைச்சல். தறி இல்லை, இருமல் இல்லை. எனக்குப் போன உயிர் வந்தது.

குமாரசாமி நாற்காலியை மிஷினுக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். சக்கரத்தைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டார். பிறகு இன்னொரு முறை. மூன்றாவது முறை கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் சார் இவன்? இத்தனை நாள் எங்க வெச்சிருந்தீங்க?"

இந்தக் கேள்விக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? அவன் இறந்துவிட்டான் என்று சொன்னேன். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்தக் கடைசி ஸ்வரத்த வெட்டிடுங்க. அது வாசிப்பு இல்ல. கரண்டு."

குமாரசாமி பென்சிலால் மேஜையைத் தட்டிக்கொண்டு யோசித்தார்.

"அப்போ வெட்டவே கூடாது" என்றார்.

குரல் வரும் இடத்தை மட்டும் நீக்கிவிடலாம், கைதட்டலோடு முடித்தால் எடுப்பாக இருக்கும் என்றார். முதலில் ஐந்நூறு தட்டு. நான் சரி என்றேன். சக்கரத்தை அவரிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

காஞ்சிபுரத்தில் இறங்கும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். நேராக மரியம்மாள் வீட்டுக்குப் போனேன். உன் தம்பி பெயர் தட்டில் வரப்போகிறது என்று முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் ஒரு குண்டான் தண்ணீரில் முக்கி வைத்திருந்தாள்.

"கையில இன்னாமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"இன்னிக்கு மூணு தரம்பா."

"இன்னா மூணு தரம்?"

"எந்தம்பி வரான். வருசமா வந்துக்கினு இருக்கான். எப்ப வருவான்னு தெரியாது. எப்பனா ஒரு தரம் வருவான். திங்கக்கெழம மத்தியானம் வந்தான். இன்னிக்கி வெயில் சாயறதுக்குள்ள மூணு தரம்." அவள் வாசற்படியைக் காட்டினாள். "இங்கதான் வந்து வுழுவான். ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடும். கழுத்துல நான் தச்ச நாடா பொகையும். எடு அக்கா, எடு அக்கான்னுவான். நான் கைய வெச்சிக் கழட்டுவேன். காது வரைக்கும் வந்துடும். அதுக்குள்ள செத்துப் பூடுவான். அப்பறம் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க."

தண்ணீரிலிருந்து கைகளை எடுத்து விரித்தாள்.

இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே பட்டையாகத் தோல் வெந்திருந்தது. பழைய தழும்பு மேல் புதுக் கொப்புளம். அந்தப் பட்டைக்குள்ளே சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. மயில் கண்.

கடையைப் பூட்டிக்கொண்டு முனிசாமி அந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டதோ, திங்கட்கிழமை நான் சுற்றவிட்டதோ அவளுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"யாருபா அவன இப்டி இஸ்துக்கினு வந்து வந்து கொல்றது?" என்றாள். "இன்னும் எத்தினி தரம் சாவான்?"

ஐந்நூறு தட்டு என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் மெட்ராசுக்கு ஓடினேன். நாடா முந்தின இரவே தட்டு அடிக்கும் இடத்துக்கு ரயிலேறிவிட்டது. நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். குமாரசாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு எனக்கு ஒரு மோர் வரவழைத்துக் கொடுத்தார். இந்தக் கதையை உறையிலேயே போடலாமே சார், நல்லா விக்குமே என்றார். முனிசாமியிடம் போனேன். நாடா கைவிட்டுப் போனதிலிருந்து அவருக்கு உடம்பு தேறியிருந்தது. கல்யாணப் பந்தலில் ஏணிமேல் நின்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தீபாவளிக்கு முன்பே தட்டு வந்துவிட்டது. நான் வாங்கவில்லை.

ஒரு நாள் ஆபீசுக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அது ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. ஒருவர் கூட எழுந்து போகவில்லை. ங்ங்ங்... என்று அந்த ஸ்வரம் தெருமுனை வரைக்கும் கேட்டது. கைதட்டலோடு தட்டு முடிந்தது.

"யாருபா இது? நம்மூர் ஆளா?" என்றார் ஒருவர். "ஷோக்கா வாசிக்கிறான். இன்னொரு தரம் போடு."

கடைக்காரர் முள்ளைத் தூக்கி மறுபடியும் முதலில் வைத்தார்.